கிழக்கே போனால் மட்டும் கேட்ட சத்தம்

எங்கள் காரின் இடது முன்கதவு விசில் அடிக்கிறது என்று நான் சொன்னதும், என் வீட்டுக்காரர் வேகத்தைக்கூடக் குறைக்காமல் கேட்டார்: "உனக்கு மட்டும் எப்படிப் புள்ள கேக்குது?"

நியாயமான கேள்விதான். அதற்கு முன் ஆறேழு வருஷமாக, வாசலில் லாரி நின்று ஹாரன் அடித்தாலும் திரும்பிப் பார்க்காமல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் நான். என் இரண்டு காதும் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகி வந்தவை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சொந்தக்காரர்கள் என் எதிரிலேயே சொல்லிச் சிரிப்பார்கள். உதட்டைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும், உடனே திருப்பிக் கொடுத்துவிடுவேன். வாய் மந்தமாகவில்லையே.

வீட்டுக்காரர் மட்டும் வேறு விதம். எனக்குக் கேட்க வேண்டியதைக் கத்திச் சொல்வார், கேட்க வேண்டாததை வாய்க்குள்ளேயே முனகிக்கொள்வார். வண்டி ஓட்டும்போது அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும். மாங்காய் வியாபாரியைத் திட்டுகிறாரா, என்னைத் திட்டுகிறாரா, பழனியாண்டவரைக் கூப்பிடுகிறாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. கேரள எல்லையில், முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு இந்த மூன்றுக்குமே நாள்தோறும் காரணம் இருக்கும்.

தீபாவளி முடிந்து கோயமுத்தூரில் என் இடது காதுக்கு ஆபரேஷன் நடந்தது. காதுக்குள் அரிசி மணியைவிடச் சின்னதாக ஓர் எலும்பு இறுகிப் போயிருக்கிறது, அதை எடுத்துவிட்டு வேறொன்று வைக்கிறோம் என்றார்கள். இந்தக் காது சரியாகிவிட்டால் வலது காதையும் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பஞ்சை எடுத்த அன்று எனக்கு முதலில் கேட்டது என் சேலை உரசும் சத்தம். அந்த அறையில் வேறு யாரோ நடக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். டாக்டரம்மா சிரித்தார். அதற்குப் பிறகு சிரிக்காமல் ஒன்று சொன்னார்.

"உள்ளே விசில் மாதிரி சத்தம் வந்தா, தலை சுத்துனா, கேக்கறது கொறைஞ்சா, உடனே வந்துரணும். நாள் கடத்தினா அந்தக் காது திரும்பாது."

அப்போது வீட்டுக்காரர் கீழே மருந்துக் கடையில் வரிசையில் நின்றிருந்தார். நான் போய் அவரிடம், எல்லாம் நல்லா இருக்குதாம் என்று மட்டும் சொன்னேன். இதையெல்லாம் அச்சடித்து ஒரு தாளும் கொடுப்பார்கள் என்று நர்ஸ் சொன்னாள். வீட்டுக்கு வந்து மருந்துப் பையில் தேடிப் பார்த்தேன், அது இல்லை. தொலைந்ததும் நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டேன். அவர் கண்ணில் பட்டால் தோப்பு வேலையை விட்டுவிட்டு என் காதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவர் சுபாவம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி தொடக்கத்தில் இரண்டாவது தடவை காட்டப் போனபோதுதான் அந்தச் சத்தம் வந்தது. கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி, ரோடு கொஞ்சம் நீளமாகக் கிடக்கும் இடத்தில் வண்டி வேகம் பிடித்தது. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஆவி மெல்லச் சீறுமே, அப்படி ஒரு சீறல். என் இடது பக்கத்தில், மிகவும் கிட்டத்தில். வண்டி வேகம் கூடினால் மெலிந்து கூர்மையானது, குறைந்தால் அடங்கியது. கதவில் இருந்து வருகிறது என்று ஒரு மனசு சொன்னது. கதவுக்கும் உன் காதுக்கும் நடுவில் ஒரு சாண்தானே இருக்கிறது, எதிலிருந்து வருகிறது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று இன்னொரு மனசு கேட்டது.

வாயைத் திறந்து, கதவு விசில் அடிக்குதுங்க என்றேன். அதற்குத்தான் அவர், உனக்கு மட்டும் எப்படிக் கேக்குது என்று கேட்டார்.

பொள்ளாச்சியில் திரும்பிக் கோயமுத்தூர் ரோட்டைப் பிடித்ததும் சத்தம் நின்றது. டாக்டரம்மா காதைப் பார்த்துவிட்டு, காயம் நன்றாக ஆறியிருக்கிறது, மூன்றாம் மாதம் கேட்கும் திறனைச் சோதித்துப் பார்க்கலாம் என்றார். ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். கேட்டால் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனவள்தான், கேட்டதும் தலை தானாக ஆடிவிட்டது. திரும்பி வரும்போது ஊர் வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை. அடுத்த வாரம் பொள்ளாச்சிக்குக் கல்யாணத்துக்குப் போனோம். போகும்போது கேட்டது, வரும்போது இல்லை.

"பாத்தியா," என்றார் அவர். "ஊட்ட உட்டுக் கெளம்புறப்பக் கேக்குது, ஊட்டுக்கு வாறப்ப நின்னுருது. எல்லாம் பயம் புள்ள. அந்த ரோட்டப் பாத்தாலே ஆசுபத்திரி நாபகம் வந்துருது உனக்கு."

அவர் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். பயம் என்றால் பரவாயில்லை, பயத்துக்கு ஆபரேஷன் இல்லை. ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொன்னால் பேய் போய்விடுகிறதா? படுத்தால் தூக்கமில்லை. வீட்டில் அந்தச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கிடந்தேன். ஃபேன் சத்தம் கேட்டது, பல்லி கேட்டது, என் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்டது. விசில் இல்லை. இல்லை என்றால் ஏன் பயப்படுகிறாய்? நாளைக்கு வந்துவிட்டால்?

ஒரே ஒரு காரியம் செய்திருந்தால் இந்த அவஸ்தை ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். அதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். சத்தம் வரும்போது உள்ளங்கையால் இடது காதைப் பொத்தினால் போதும். நின்றால் சத்தம் வெளியே இருக்கிறது, நிற்காவிட்டால் உள்ளே இருக்கிறது. பச்சைக் குழந்தைக்கும் தோன்றும். எனக்கும் முதல் நாளே தோன்றியது. மூன்று தடவை கையைத் தூக்கி, சேலைத் தலைப்பைச் சரிசெய்கிற மாதிரி பாவனை காட்டிவிட்டு இறக்கிக்கொண்டேன். பொத்தியும் நிற்கவில்லை என்றால் அதற்குப் பிறகு நான் என்ன செய்வேன்? தெரியாத வரைக்கும் கதவு எனக்குப் பாதிச் சாட்சியாவது சொல்லிக்கொண்டிருந்தது.

அதனால் காதை விட்டுவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

கதவுக்கும் வண்டிக்கும் நடுவில் சுற்றிலும் ரப்பர் பட்டை ஓடும், பீடிங் என்பார்கள். அது சரியாகப் பதியாவிட்டால் காற்று நுழையும் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்தேன். தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்க்க வேண்டுமாம். இறுக்கமாக வந்தால் ரப்பர் பிடிக்கிறது, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே சந்து இருக்கிறது. தினசரி காலண்டரில் கிழித்த பழைய தாள்களை எடுத்துக்கொண்டு மத்தியான வெயிலில் உட்கார்ந்தேன். கீழ்ப்பக்கம், முன்பக்கம் எல்லாம் தாள் கிழிந்ததே தவிர வரவில்லை. மேலே, கதவு பின்பக்கம் வளையும் மூலையில் மட்டும் ஒரு தாள் வெண்ணெயில் இழுத்த மாதிரி வந்தது. அந்தத் தாளின் பின்னால் 'மன அமைதி' என்று ராசிபலன் போட்டிருந்தது. கசக்கிப் போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து பார்த்தார். கேலி செய்வார் என்று காத்திருந்தேன். நேராக உள்ளே போய், மாங்காய் அட்டைப்பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப் உருளையைக் கொண்டுவந்தார். என்னை உள்ளே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே இருந்து கதவின் சந்து முழுக்கச் சுற்றி ஒட்டினார். பெட்டிக்கு ஒட்டுகிற கைப்பழக்கம், ஒரு சுருக்கம் இல்லை. கொல்லங்கோடு ரோட்டில் வேகமாக ஓட்டிக்கொண்டு போனோம். பெட்ரோல் பங்கில் அவருடைய சித்தப்பா மகன் எங்களைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, அண்ணிய டெல்லிக்கா லோடு அனுப்பறீங்க?" என்றான். அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

டேப்போடு போனபோது சத்தம் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அவர் டேப்பைக் கிழித்துவிட்டு அதே ரோட்டில் அதே பக்கமாக இன்னொரு தடவை ஓட்டினார். அப்போதும் சத்தம் இல்லை.

"ஒட்டுனாலும் இல்ல, கிழிச்சாலும் இல்ல," என்றேன். "அப்பக் கதவுல ஒண்ணுமில்லீங்க." அவர் வண்டியைத் திருப்பி, உதடுகூட அசையாமல் வீடு வரைக்கும் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் முனகுவதை அடியோடு விட்டிருந்தார். எனக்குக் கேட்டுவிடுமே என்ற பயம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தேன். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை.

மூன்றாம் மாதச் சோதனைக்கு இரண்டே நாள் இருந்தது. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தோப்புக்குப் போனேன். தை மாதத்தில் எங்கள் பக்கம் கிழக்கத்திக் காற்று கண்ணுமண்ணு தெரியாமல் அடிக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து மாம்பூவை உதிர்த்துவிட்டுப் போகும். மாமரக்காரர்கள் எல்லாரும் அந்த மாதம் முழுக்க அந்தக் காற்றுக்குச் சாபம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கும் பூ உதிர்ந்து கிடந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் மேற்கே மட்டும் மஞ்சளாகப் பாய் விரித்திருந்தது, கிழக்கே தரை துடைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் ஒரு கை பூவை அள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அவர் கையைப் பார்க்கவில்லை, தரையையே பார்த்தேன். கொல்லங்கோடு எங்களுக்கு மேற்கே. பொள்ளாச்சி கிழக்கே. பொள்ளாச்சிக்குப் போகும்போது வண்டி காற்றின் முகத்தில் போய் முட்டுகிறது. திரும்பி வரும்போது காற்று பின்னால் இருந்து தள்ளுகிறது. அன்று டேப் ஒட்டிக்கொண்டு காற்றுக்கு முதுகைக் காட்டி ஓட்டிவிட்டு, சத்தம் இல்லை என்று தீர்ப்பு எழுதியிருக்கிறோம். வருஷாவருஷம் இந்தக் காற்றைத் திட்டுகிற இரண்டு பேருக்கும் அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தோன்றவில்லை.

"ஏனுங்க, கிழக்க போனாத்தானுங்க கேக்குது!" என்று கத்தினேன். அவர் பூவை அப்படியே கொட்டிவிட்டு வண்டிச் சாவியைத் தேடினார்.

அன்று சாயங்காலம் டிங்கரிங் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப் பூட்டியிருந்தது, மறுநாள் காலையில் திரும்பப் போனோம். ஒர்க்‌ஷாப்காரர் பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகப் பேசுகிறவர், தலை நரைத்தவர். நான் சொன்னதைக் கேட்டு, என்னைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு என் இடத்தில் அவர் உட்கார்ந்துகொண்டார். கிழக்கே ஓட்டினோம். பின்னால் இருந்த எனக்கே அந்தச் சீறல் லேசாக வந்தது. அவர் ஜன்னலோரம் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலை சேச்சி," என்றார். என் உயிர் பாதி போனது. "ஆனா அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. எத்தனையோ வருஷமா கிரைண்டரும் சுத்தியலுமா இருக்கு என் காதுல. சன்னமான சத்தம் ஒண்ணும் எனக்குக் கேக்காது. சேட்டனுக்கு?"

"எனக்கும் அப்படித்தானுங்க," என்றார் வீட்டுக்காரர். "டிராக்டர் ஓட்டி ஓட்டி."

ஆக, மூன்று பேர் இருந்த வண்டியில் காது கேட்கிறவள் நான் ஒருத்திதான். என் காதைத் தவிர என் காதுக்கு வேறு சாட்சி இல்லை.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் அவர் காதை விட்டுக் கண்ணால் பார்த்தார். கதவைத் திறந்து மேல் மூலையில் விரலை ஓட்டினார். அந்த இடத்தில் ரப்பர் நசுங்கி, ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளமாகப் படிந்திருந்தது.

"இதென்னா சேட்டா, இவிட கயறு கெட்டாறுண்டோ?" என்றார். கயிறு கட்டுவது உண்டா என்று கேட்டார்.

வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிட்டது. மாங்காய் பறிக்க, நுனியில் வலை கட்டிய நீள மூங்கில் கம்புகள் வேண்டும். பறிப்புக் காலத்தில் எங்கள் ஊரில் பிக்கப் வண்டி லேசில் கிடைக்காது. அதனால் இரண்டு வருஷமாகக் கம்புகளைக் கார் கூரைமேல் வைத்து, கயிற்றை இரண்டு முன்கதவு வழியாகவும் உள்ளே விட்டு இழுத்து, இடது பக்கம் முடிச்சுப் போட்டு, கதவை அதன்மேலேயே அறைந்து சாத்திக்கொண்டு போவார். எங்கள் ஊரில் கார் வைத்திருக்கும் தோப்புக்காரர்கள் பலரும் செய்வதுதான். ஆனால் இவர் ஒரு படி மேல். பெயிண்ட் உரசிவிடக் கூடாது என்று கயிற்றுக்கு அடியில் சாக்கை நாலாக மடித்து வைப்பார். கயிறு, அதோடு சாக்கு, அதன்மேல் கதவு. பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை. கதவின் மேல் சட்டம்தான் வெளியே வளைந்துவிட்டது.

"ஒரு அரிசி உள்ள போற அளவு சந்து," என்றார் ஒர்க்‌ஷாப்காரர். "காத்துக்கு அது போதும் சேச்சி."

கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்காலைக் கதவில் ஊன்றி, மேல் சட்டத்தை இரண்டு கையாலும் உள்ளே வளைத்து இழுத்தார். சாத்திப் பார்த்தார், திரும்ப இழுத்தார். புது பீடிங் போட்டார். காலண்டர் தாள் வைத்து நானே இழுத்துப் பார்த்தேன், கிழிந்தது. இருந்தாலும் நான் கேட்டேன், அந்தச் சத்தம் இதுதானுங்களா என்று.

"அதெப்படி ஞான் சொல்றது? எனக்குக் கேக்கலியே." கையைத் துடைத்துக்கொண்டே, விஷயம் தெரியாமல் அவர் போட்டு உடைத்தார்: "சேச்சி, சத்தம் வர்றப்ப ஒரு தடவை காதைப் பொத்திப் பாத்திருக்கலாமே?"

"காதைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க," என்றேன் வெடுக்கென்று. வீட்டுக்காரர் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் காலை சோதனைக்குக் கிளம்பினோம். காற்று முந்தின நாளைவிட மோசமாக இருந்தது. தென்னை மட்டைகள் எல்லாம் மேற்கே பார்த்துச் சாய்ந்து கிடந்தன, எதிரே பைக்கில் வந்தவரின் சட்டை பின்னாலிருந்து தள்ளிய காற்றில் பலூன் மாதிரி உப்பியிருந்தது. வண்டி செக்போஸ்ட்டைத் தாண்டியது. அந்த நீள ரோடு வந்தது. அவர் வேகத்தைக் கூட்டினார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சத்தம் இல்லை.

இன்னும் கூட்டினார். இல்லை. ஒரு மூச்சு சந்தோஷப்பட்டேன், அவ்வளவுதான். அதற்குள் அடுத்த பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. கதவு சரியானதால் சத்தம் நின்றதா, காது நின்றுபோனதால் சத்தம் கேட்கவில்லையா? கேட்பது குறைந்தால் உடனே வா என்றுதானே டாக்டரம்மா சொன்னார்? எஞ்சின் இரைச்சல் கேட்கிறதே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது என் மந்தக் காதுக்கே கேட்கும், அது சாட்சி ஆகாது. சேலையை விரலால் தேய்த்துப் பார்க்கலாம். தேய்க்கவில்லை. இரண்டு மாதமாகப் போகமாட்டேன் என்ற சத்தம் போனதும், ஐயோ போய்விட்டதே என்று அதைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை விசில் அடித்துவிடேன் என்று அந்தக் கதவிடம் கெஞ்சினேன் என்றால் நம்புவீர்களா?

அப்போது என் முதுகுப் பக்கமிருந்து, மிகவும் மெதுவாக, மூச்சோடு மூச்சாக ஒரு குரல் வந்தது.

"சத்தம் நின்னுச்சா, இல்ல இவ காதே நின்னு போச்சா... எப்படிக் கேக்கறதுன்னு தெரியலியே, பழனியாண்டவா."

நான் அவர் உதட்டைப் பார்க்கவில்லை. என் முகம் ஜன்னலைப் பார்த்துத்தான் இருந்தது.

திரும்பினேன். அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார், உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க," என்றேன். "பழனியாண்டவரை எதுக்குங்க தொந்தரவு பண்றீங்க? என்னையக் கேக்கக் கூடாதுங்களா?"

வண்டி ஓரமாகப் போய் நின்றது. அவர் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்தார். பிறகு தலைக்கு மேலே வெயில் தடுப்பை இறக்கி, அதன் பின்னால் செருகியிருந்த ஒரு தாளை எடுத்து என் மடியில் போட்டார். நாலாக மடித்தது, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. நான் மருந்துப் பையில் தேடிய ஆஸ்பத்திரித் தாள். 'காதுக்குள் விசில் போன்ற சத்தம்' என்ற வரிக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார்.